முன்மேசைப் பிழையும் பின்னிரவு உழைப்பும்

ஒஹையோ மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. காலை எட்டு மணி. பதிவு மேசையில் இருப்பவர், நோயாளி நீட்டிய காப்பீட்டு அட்டையைப் பார்த்து உறுப்பினர் எண்ணைத் தட்டுகிறார். இரண்டு இலக்கங்கள் இடம் மாறிவிடுகின்றன. பின்னால் வரிசை நீள்கிறது, அடுத்தவரை அழைத்துவிடுகிறார். ஆறு வாரம் கழித்து, சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில், இரவு பதினொரு மணிக்கு, ஹெட்செட் மாட்டிய இளம்பெண் ஒருவர் காப்பீட்டு நிறுவனத்தின் காத்திருப்பு இசையைக் கேட்டபடி அமர்ந்திருக்கிறார். அரை மணி நேரம் போனபின் மறுமுனையில் ஒரு குரல் சொல்கிறது: இந்த எண்ணில் எங்களிடம் யாரும் இல்லை.

காட்சி நான் கட்டியதுதான். ஆனால் மெடிக்கல் பில்லிங்கில் ஒரு மாதம் வேலை பார்த்தவர்கூட இதைத் தன் கதை என்றே சொல்வார். பிழை பிறந்த இடம் ஒன்று. அதற்காக உறக்கம் தொலைப்பவர் இருக்கும் இடம் வேறு. இரண்டுக்கும் நடுவில், மருத்துவமனையின் கணினி அமைப்பைக் கட்டுகிறவர், திருத்துகிறவர், காவல் காக்கிறவர் ஒருவர் இருக்கிறார். ரெவின்யூ சைக்கிள் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று அவருக்குப் பெயர். அந்த இளம்பெண்ணைப் போல வராத பணத்துக்காகக் காப்பீட்டு நிறுவனத்தை அழைக்கும் ஏஆர் காலர் என்றால் சென்னையில் ஆட்டோ ஓட்டுநருக்கும் தெரியும். இந்த அனலிஸ்ட் என்ன செய்கிறார் என்பது அந்த ஏஆர் காலருக்கே பல நேரம் தெரிவதில்லை.

அமெரிக்க மருத்துவமனைக்குப் பணம் வந்து சேரும் பாதை நீளமானது. நோயாளி நேரம் குறிக்கும்போதே தொடங்குகிறது. காப்பீடு நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது எலிஜிபிலிட்டி. சில சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அது ஆத்தரைசேஷன். சிகிச்சை முடிந்ததும் ஒவ்வொரு ஊசிக்கும் ஸ்கேனுக்கும் கட்டணம் பதிவாகும். மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்து கோடர் நோய்க்கு ஒரு குறியீடும் செய்த வேலைக்கு ஒரு குறியீடும் இடுவார். இவையெல்லாம் சேர்ந்து கிளைம் ஆகி, கிளியரிங்ஹவுஸ் என்ற இடைநிலையம் வழியாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். பணம் வரும், அல்லது மறுப்பு வரும். வந்ததைக் கணக்கில் ஏற்றியபின் மிச்சம் நோயாளி பெயரில் பில்லாகும். இந்தக் கண்ணிகள் ஒவ்வொன்றிலும் ஒரு திரை இருக்கிறது. திரைக்குப் பின்னால் விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளை எழுதுவதுதான் அனலிஸ்டின் வேலை.

இந்தச் சிக்கலை ஒரே நாளில் யாரும் திட்டமிட்டு உண்டாக்கவில்லை. முதியோருக்கான மெடிக்கேர், வறியோருக்கான மெடிக்கெய்ட் ஆகிய அரசுத் திட்டங்கள் 1965இல் சட்டமாயின. அடுத்த ஆண்டே அமெரிக்க மருத்துவச் சங்கம் சிகிச்சைகளுக்கான சிபிடி குறியீட்டுப் புத்தகத்தின் முதல் பதிப்பை வெளியிட்டது. 1983இல் மெடிக்கேர், உள்நோயாளிக்குச் செலவான தொகையைக் கொடுப்பதை நிறுத்தி, நோயின் வகைக்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே வரையறுத்துக் கொடுக்கத் தொடங்கியது. டிஆர்ஜி எனப்படும் அந்த வகைப்பாடு யேல் பல்கலைக்கழகத்தில் உருவானது. அன்றுமுதல் குறியீடுதான் பணம். 1996இல் வந்த ஹிப்பா சட்டத்தை நம்மவர் பலரும் நோயாளியின் ரகசியம் காக்கும் சட்டமாக மட்டும் அறிவர். மின்வழிப் பரிமாற்றத்துக்கு ஒரே வடிவம் வேண்டும் என்று கட்டாயமாக்கியதும் அதுதான். கிளைம் போகும் கோப்பு 837. பணத்துக்கான விளக்கம் வரும் கோப்பு 835. காப்பீடு உண்டா என்று கேட்பது 270, பதில் 271. அனலிஸ்டுக்கு இந்த எண்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்களைப் போல.

இனி அந்த ஒஹையோ கிளைமுக்குத் திரும்புவோம். அனலிஸ்டின் தொழில் என்னவென்று அதிலேயே பார்த்துவிடலாம்.

தவறான உறுப்பினர் எண் கிளியரிங்ஹவுஸிலேயே பிடிபட்டுத் திரும்பக்கூடும். அங்கே தப்பிப் போனால், காப்பீட்டு நிறுவனம் 31ஆம் எண் காரணத்தோடு மறுக்கும்: நோயாளியை எங்கள் உறுப்பினராக அடையாளம் காண முடியவில்லை. ஏஆர் காலர் அந்த ஒரு கிளைமைத் திருத்தி மறுபடி அனுப்புவார். அவர் கடமை அங்கே முடிகிறது. அனலிஸ்டின் கடமை அங்கேதான் தொடங்குகிறது. மூன்று மாதத்தில் வந்த 31களை எல்லாம் ஒன்றாகத் திரட்டுகிறார். எந்த மேசையில் பதிவானவை, எந்தக் காப்பீடு, எந்த நேரம் என்று பிரிக்கிறார். இலக்கம் இடம் மாறியவை ஒரு சில. பெரும்பகுதி வேறொரு காரணத்தால் என்று தெரியவரலாம். ஜனவரியில் ஒரு காப்பீட்டு நிறுவனம் அட்டையை மாற்றி, எண்ணுக்கு முன்னால் மூன்று எழுத்துகள் சேர்த்திருக்கும். பதிவுத் திரையின் அந்தக் கட்டம் எழுத்தை ஏற்காமல் உதறியிருக்கும். பதிவு செய்தவரிடம் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் கட்டத்தில். அதைச் சரிசெய்து, பதிவின்போதே 270 கேள்வி தானாகப் போய், 271 எதிர்மறையாக வந்தால் திரையில் எச்சரிக்கை எழுமாறு விதி எழுதுகிறார். சோதனைச் சூழலில் ஓட்டிப் பார்த்து, பதிவுத் துறையின் ஒப்புதல் பெற்று, நடப்புக்குக் கொண்டுவருகிறார்.

எச்சரிக்கை என்றேன், தடை என்று சொல்லவில்லை. இந்த வேறுபாட்டில் ஓர் உயிர் இருக்கலாம். தவறு நடக்கவே கூடாது என்ற ஆர்வத்தில், காப்பீடு சரியென்று உறுதியாகும்வரை பதிவை முடிக்கவிடாத விதியைப் புதிய அனலிஸ்ட் ஒருவர் எழுதிவிடக்கூடும். வெளிநோயாளிப் பிரிவில் அது செல்லும். அவசரப் பிரிவில் அது சட்டமீறல். 1986இல் வந்த எம்டாலா சட்டப்படி, காப்பீட்டு விவரம் கேட்பதற்காக அவசர நோயாளியின் பரிசோதனையைத் தாமதப்படுத்தக் கூடாது. மென்பொருளில் ஒரு குறியை மாற்றுமுன் மருத்துவமனையின் அந்தப் பிரிவில் மாலை ஏழு மணிக்கு என்ன நடக்கும் என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும். நல்ல அனலிஸ்டுகள் அப்படிப் போய் நிற்பவர்கள். என் கணக்கில், இந்தத் தொழிலின் பாதி அந்த நிற்றல்தான்.

இன்னோர் இடமும் நோயாளியை நேராகத் தொடுவது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் 835 கோப்பில், கொடுக்காத ஒவ்வொரு டாலருக்கும் இரண்டெழுத்துக் குறியும் ஒரு காரண எண்ணும் இருக்கும். சிஓ என்றால் ஒப்பந்தப்படி மருத்துவமனை ஏற்க வேண்டிய தொகை. நோயாளியிடம் கேட்கக் கூடாது. பிஆர் என்றால் நோயாளியின் பொறுப்பு. பிஆர்-1 காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நோயாளி கட்டும் டிடக்டிபிள், பிஆர்-2 விழுக்காட்டுப் பங்கான கோஇன்ஷூரன்ஸ், பிஆர்-3 ஒவ்வொரு முறையும் கட்டும் நிலையான கோபே. சிஓ-29 என்றால் கெடு கடந்து அனுப்பியிருக்கிறீர்கள் என்று பொருள். மெடிக்கேருக்குச் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு கெடு, தனியார் ஒப்பந்தங்களில் 90 நாளாகவும் இருக்கும். மருத்துவமனை தாமதித்ததற்கு நோயாளி பணம் கட்டத் தேவையில்லை என்பதுதான் அந்த சிஓவின் சாரம். இந்தக் குறிகளைக் கணினி படித்து எந்தத் தொகையை எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்ற அட்டவணையை நிரப்புபவர் அனலிஸ்ட். அதில் ஒரு வரி தவறினால், கட்ட வேண்டாத தொகைக்கான பில் ஆயிரம் வீடுகளின் தபால்பெட்டியில் விழும். அதில் பலர் கேள்வி கேட்காமல் கட்டிவிடுவார்கள். எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்று காட்டும் ஏஜிங் அறிக்கையில் அது பிழையாகத் தெரியாது, வரவாகத்தான் தெரியும். ஆகவே யாரும் தேடவும் மாட்டார்கள். மருத்துவமனைக்கு நட்டம் தரும் பிழையைத் தேடப் பத்துப் பேர் உண்டு. நோயாளிக்கு நட்டம் தரும் பிழையைத் தேட அனலிஸ்டின் மனசாட்சியைத் தவிர வேறு காவல் குறைவு.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சார்ஜ்மாஸ்டர் எனப்படும் விலைப்பட்டியலைப் புதுப்பிப்பது. ஆண்டுதோறும் ஜனவரி 1 சிபிடி மாற்றத்தையும் அக்டோபர் 1 நோய்க் குறியீட்டு மாற்றத்தையும் ஏற்றுவது. மருத்துவமனையின் விலைகளைப் பொதுவில் வெளியிடச் சொல்லும் 2021 விதிக்குக் கோப்பு தயாரிப்பது. எதிர்பாராத பில்லிலிருந்து நோயாளியைக் காக்க 2022 ஜனவரியில் நடப்புக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டத்துக்கு ஏற்ப மதிப்பீடுகளை அமைப்பது. எபிக், இப்போது ஆரக்கிள் கையில் உள்ள செர்னர், மெடிடெக் போன்ற மென்பொருள்களில் இவை நடக்கின்றன. எபிக்கின் பில்லிங் பகுதிக்கு ரெசல்யூட் என்று பெயர். அதில் சான்றிதழ் பெற, பெரும்பாலும் வேலை கொடுக்கும் நிறுவனம் அனுப்பினால்தான் முடியும். தனியாள் பணம் கட்டிப் படித்துவிட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து இந்த வேலைக்கு ஏற நினைப்பவர்களுக்கு முதல் சுவர் அதுதான்.

இந்தத் தொழில் தன் பெரிய சோதனையைச் சந்தித்தது 2015 அக்டோபர் 1 அன்று. ஐசிடி-9 என்ற பழைய நோய்க் குறியீடுகள் சுமார் 14,000; புதிய ஐசிடி-10இல் 68,000க்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே ஏற்றதை அமெரிக்கா 2013 என்றது, பின்பு 2014 என்றது, கடைசியில் 2015இல் மாறியது. மணிக்கட்டு எலும்பு முறிந்தால் இடக்கையா வலக்கையா, முதல் சிகிச்சையா தொடர் சிகிச்சையா என்பதெல்லாம் குறியீட்டுக்குள் வந்தன. பணப்புழக்கம் முடங்கும் என்று பலரும் அஞ்சினார்கள். அஞ்சிய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. இரண்டு குறியீட்டிலும் ஒரே கிளைமை இட்டுப் பார்த்து, காப்பீட்டு நிறுவனங்களோடு சோதனைக் கோப்புகளை மாற்றிக்கொண்டு செய்த ஆயத்தம் கைகொடுத்தது. அதில் சென்னை, திருச்சி, கோவை கோடர்களுக்கும் பங்கு உண்டு. விலங்கியல், தாவரவியல், நர்சிங், பிசியோதெரபி படித்துவிட்டு வந்தவர்கள் உடற்கூற்றை மறுபடி புரட்டிப் படித்து அந்த மாற்றத்தைச் சுமந்தார்கள்.

2024 பிப்ரவரியில் நடந்தது வேறு விதம். சேஞ்ச் ஹெல்த்கேர் என்பது நாட்டின் மிகப்பெரிய கிளியரிங்ஹவுஸ்களில் ஒன்று. யுனைடெட்ஹெல்த் குழுமம் 2022இல் அதை வாங்கியது. திருடிய கடவுச்சொல்லோடு ஒரு தொலைநுழைவாயில் வழியாக ஊடுருவிய கும்பல், பிப்ரவரி 21 அன்று அதன் கணினிகளைப் பூட்டியது. அந்த வாயிலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை என்பதைக் குழுமத்தின் தலைவரே அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2 கோடியே 20 லட்சம் டாலர் மீட்புத்தொகை கொடுக்கப்பட்டது. சுமார் 19 கோடிப் பேரின் தகவல்கள் பாதிக்கப்பட்டன. கிளைம்கள் நின்றன, மருந்துக்கடைகளில் காப்பீட்டைச் சரிபார்க்க முடியவில்லை. அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் எடுத்த கணக்கில் 94 விழுக்காடு மருத்துவமனைகள் பணப் பாதிப்பைச் சொல்லின. அந்த வாரங்களில் அனலிஸ்டுகள் செய்தது, ஓடும் ரயிலைத் தண்டவாளம் மாற்றுவது போன்ற வேலை: தேங்கிய கோப்புகளை வேறு கிளியரிங்ஹவுஸுக்குத் திருப்பி, ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்தின் அடையாள எண்ணையும் புதிதாகப் பொருத்தி, திரும்பி வரும் 835களுக்குப் புதுப் பாதை போட்டார்கள். ஒரே குழாயை நம்பி ஒரு மருத்துவமனை இருக்கக் கூடாது என்று அதற்கு முன்பே சொன்ன அனலிஸ்டுகள் உண்டு. செலவு என்று தள்ளிவைக்கப்பட்ட யோசனை அது.

இத்தனை உழைப்பும் தேவைதானா என்ற கேள்வி வரும். வர வேண்டும். இந்தத் தொழிலை ஆராயும் எவரும் அதைத் தாண்டிப் போகக் கூடாது. ஹிம்மல்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2017இல் அமெரிக்காவின் மருத்துவச் செலவில் 34.2 விழுக்காடு நிர்வாகத்துக்குப் போனது. அரசே காப்பீடு தரும் கனடாவில் அது 17 விழுக்காடு. அந்த இடைவெளிக்குள்தான் நம் ஏஆர் காலரும் கோடரும் அனலிஸ்டும் வாழ்கிறார்கள். ஒரு பக்கம் காப்பீட்டு நிறுவனம் மறுப்பதற்கு விதி எழுதுகிறது. மறுபக்கம் மருத்துவமனை அதைக் கடக்க விதி எழுதுகிறது. சிக்னா காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவர்கள் ஒரு கிளைமுக்குச் சராசரியாக 1.2 நொடி செலவிட்டு மறுத்தார்கள் என்று புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2023இல் எழுதியது. சிக்னா அச்செய்தியை ஏற்கவில்லை. கேஎஃப்எஃப் என்ற சுகாதார ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, அரசின் ஹெல்த்கேர்.கவ் சந்தை வழியாக விற்கும் காப்பீட்டு நிறுவனங்கள் 2023இல் தம் வலையமைப்புக்குள்ளான கிளைம்களில் 19 விழுக்காட்டை மறுத்தன. மறுப்பை எதிர்த்து முறையிட்ட நோயாளிகள் நூற்றில் ஒருவர்கூட இல்லை.

அமைப்பு பழுதானது என்பதால் அதில் உழைப்பவரின் உழைப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பழுதான பாலத்தில் பயணிகள் போய்க்கொண்டிருக்கும்வரை அதைத் தாங்கிப் பிடிக்கும் கைகள் வேண்டும். அந்தக் கைகள் யார் பக்கம் சாய்கின்றன என்பதே கேள்வி. லாப நோக்கற்ற மருத்துவமனைகள் எழுத்து வடிவில் உதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 2010 சுகாதாரச் சீர்திருத்தச் சட்டம் சொல்கிறது. முதல் பில்லிலிருந்து 120 நாள்வரை கடுமையான வசூல் நடவடிக்கை கூடாது. உதவி கேட்டு விண்ணப்பிக்க 240 நாள் அவகாசம். இந்த இரண்டு கடிகாரங்களையும் கணினியில் ஓடவிடுபவர் அனலிஸ்ட். ஓடவிடாவிட்டால் ஏழை நோயாளியின் கணக்கு 60ஆம் நாளே வசூல் முகவரிடம் போய்விடும். 2012இல் மினசோட்டா மாநில அரசு, அக்ரெட்டிவ் ஹெல்த் என்ற ரெவின்யூ சைக்கிள் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு இங்கே நினைவுக்கு வர வேண்டும். சிகிச்சைக்கு வந்தவர்களிடம் மருத்துவமனைக்குள்ளேயே பழைய பாக்கியை வசூலிக்க நெருக்கியதாகக் குற்றச்சாட்டு. 25 லட்சம் டாலர் கட்டி, அந்த மாநிலத்தை விட்டே நிறுவனம் வெளியேறியது. நோயாளியின் பெயருக்கு எதிரே பாக்கித்தொகை எந்தத் திரையில், யார் கண்ணுக்கு, எந்த நேரத்தில் தெரிய வேண்டும் என்பது அமைப்பு சார்ந்த முடிவு. அது வெறும் தொழில்நுட்பம் இல்லை என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது.

இனி அளவுகோல். ரெவின்யூ சைக்கிளில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு: பணம் வர எத்தனை நாள், முதல் முறையிலேயே தேறிய கிளைம் எத்தனை, மறுப்பு எத்தனை விழுக்காடு. சென்னையில் ஏஆர் காலருக்கு ஓர் இரவில் இத்தனை கிளைம் என்று இலக்கு. ஒரே மறுப்பை நூறு முறை தனித்தனியாகத் திருத்தினால் இலக்கு நிறைவேறும், ஊக்கத்தொகை வரும். அந்த நூறும் ஏன் வருகின்றன என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தால் இலக்கு தவறும். இந்த அளவுகோல் தவறானது, உறுதியாகச் சொல்கிறேன். நான் கேட்கும் எண் ஒன்றுதான்: போன மாதம் வந்த அதே வகை மறுப்பு இந்த மாதமும் வந்ததா? அதைக் குறைத்தவர் காலரானாலும் அனலிஸ்டானாலும் அவருக்கே மதிப்பெண்.

காரணம் எளியது. ஒரு காப்பீட்டு நிறுவனம் புதிய விதியைச் சத்தமில்லாமல் நடப்புக்குக் கொண்டுவந்தால், அதை முதலில் உணர்பவர் தொலைபேசியில் இருப்பவர். மூன்றாம் அழைப்பிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அமெரிக்காவில் இருக்கும் அனலிஸ்டின் அறிக்கையில் அது தெரிய ஒன்றரை மாதமாகும். நடுவில் கடல் இருக்கிறது, பத்து மணி நேர வித்தியாசம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் மேலாக 'நீ கிளைமைப் பார், காரணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற பிரிவினை இருக்கிறது. கிளைமின் குறிப்புப் பகுதியில் காலர் எழுதும் நான்கு வரிகள் அந்த ஒரு கிளைமோடு புதைந்துவிடுகின்றன.

அந்தக் குறிப்பைக் கணினியே படித்துவிடும், அழைப்பைக் கணினியே செய்துவிடும் என்று இப்போது சொல்கிறார்கள். ஓரளவு நடக்கவும் தொடங்கிவிட்டது. முன்அனுமதிக் கோரிக்கைகளுக்கு அவசரமென்றால் 72 மணி நேரத்தில், மற்றவற்றுக்கு 7 நாளில் பதில் வேண்டும் என்ற மெடிக்கேர் துறை விதி 2026இல் நடப்புக்கு வந்திருக்கிறது. 2027இல் அந்தப் பரிமாற்றமே கணினிக்குக் கணினி நேராக நடக்க வேண்டும். நிலையைக் கேட்பதற்காக மட்டும் செய்யும் அழைப்புகள் குறையும். எஞ்சுவது, ஏன் என்று கேட்கத் தெரிந்தவரின் வேலை. இந்தியாவிலும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல், ரொக்கமில்லா சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்தில் பதில், வீடு திரும்பும்போது மூன்று மணி நேரத்தில் இறுதி ஒப்புதல் என்று விதித்தது. தேசிய அளவில் கிளைம் பரிமாற்றத் தளம் ஒன்றும் வந்திருக்கிறது. அமெரிக்க நோயாளிக்காக இரவில் பழகிய கை, மதுரையிலோ சேலத்திலோ டிஸ்சார்ஜ் ஆகக் காத்திருக்கும் நோயாளிக்குப் பகலிலேயே தேவைப்படப் போகிறது.

ஆகவே பில்லிங் தளங்களில் இப்போது ஹெட்செட் மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். நோயாளியின் பெயரோ எண்ணோ ஒன்றுகூட இல்லாமல், நிறுவனத்தின் கோப்பிலேயே, அன்றன்று வந்த மறுப்புக் காரணங்களை மட்டும் ஒரு பட்டியலாகக் குறித்து வாருங்கள்: காரண எண், காப்பீடு, எந்தக் கண்ணியில் பிறந்தது. முப்பது நாள் போதும். 835ஐ ஒரு முறையாவது விளக்கமில்லாத மூல வடிவத்தில் படித்துப் பாருங்கள். நிறுவனங்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்துக்கு ஒரு மணி நேரம், இலக்கிலிருந்து கழித்துக்கொண்டு, அந்தப் பட்டியலோடு ஏஆர் காலர் ஒருவரை அனலிஸ்ட் கூட்டத்தில் உட்கார வையுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை எட்டு மணி என்றால் நமக்கு மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் ஆறரை. இரண்டு பக்கமும் விழித்திருக்கும் நேரம்தான் அது.